எச்சில் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படலாமா?

ஈறு மருத்துவர் பதில்கள்

கர்ப்ப காலத்தில் ஈறில் ரத்தம் வருவது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியர் குழுவும் நினைக்கவில்லை. கர்ப்பிணிகள் எழுதியது பாதி, அவர்களுடைய அம்மாக்களும் மாமியார்களும் எழுதியது மீதி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர் மட்டும் போதும், பெயர் வேண்டாம்.

வாசகி, கோவை

எனக்கு இப்போது 22வது வாரம். முதல் குழந்தை. மூன்றாம் மாதத்திலிருந்தே பல் தேய்த்தால் வாஷ்பேசினில் ரத்தம்தான். நான் செக்கப்புக்குப் போகும் ஆஸ்பத்திரிக்குப் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து எம்.டி.எஸ். படிக்கும் மாணவி ஒருவர் வந்தார். ஆராய்ச்சிக்கு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு எச்சில் எடுத்தார். ஈறில் ஒரு கம்பி விட்டும் பார்த்தார். பிறகு நானே போன் செய்து கேட்டேன். "எம்.எம்.பி-8, இன்டர்லூகின்-1 பீட்டா ரெண்டும் ஹையா இருக்கு மேடம்" என்றார். அன்று ராத்திரி இன்டர்நெட்டில் தேடினால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று வரிசையாக வருகிறது. தூக்கமே போய்விட்டது. இந்த இரண்டையும் குறைக்க மருந்து உண்டா? மறுபடி எச்சிலை எங்கே டெஸ்ட் செய்வது?

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். எங்கேயும் டெஸ்ட் செய்ய வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது வேறு ஒன்று. அந்த மாணவிக்கு மறுபடி போன் போடுங்கள். எச்சில் நம்பரை விடுங்கள், கம்பி வைத்துப் பார்த்தாரே, அந்தச் சார்ட்டின் நகலை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறு எத்தனை மில்லிமீட்டர் ஆழம், தொட்டதும் ரத்தம் வந்ததா இல்லையா என்று அதில் குறித்திருப்பார். ஆராய்ச்சி வழிகாட்டி அது இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டார். ஆழம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள் இருந்து, ரத்தம் மட்டும் வந்தால் அது ஈறு வீக்கம். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். 5, 6 என்று ஆழம் இருந்து எக்ஸ்ரேயில் எலும்பும் கரைந்திருந்தால்தான் அடுத்த கட்டமான ஈறு நோய். உங்களுக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை அந்த மில்லிமீட்டரில் இருக்கிறது, எச்சில் ரிப்போர்ட்டில் இல்லை.

அப்படியானால் அந்த இரண்டு பெயரும் என்ன? பல்லின் ஓரத்தில் கிருமிப்படலம் சேர்ந்தால் அதைச் சமாளிக்க நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஈறுக்கு வருகின்றன. அவை வெளிவிடும் என்சைம்களில் ஒன்று எம்.எம்.பி-8. ஈறைப் பல்லோடு பிடித்துவைத்திருக்கும் கொலாஜன் நாரை வெட்டுவது அதன் வேலை. இன்டர்லூகின்-1 பீட்டா, "இங்கே அழற்சி, ஆள் வரட்டும்" என்று மற்ற அணுக்களுக்குச் சேதி சொல்லும் புரதம். அதிகமானால் எலும்பைக் கரைக்கும் அணுக்களையும் தூண்டும். இரண்டும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஊறும் நீரில் கலந்து, அங்கிருந்து எச்சிலுக்கு வருகின்றன. ஆகவே எச்சிலில் அவை கூடினால் வாயில் எங்கோ அழற்சி இருக்கிறது என்பது சரிதான். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வாஷ்பேசினே சொல்லிவிட்டது.

எச்சிலின் சங்கடம் அது எல்லாம் கலந்த நீர் என்பதுதான். தெருமுனைச் சாக்கடையைப் பார்த்து எந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்ல முடியாது. கடைவாயில் பாதி முளைத்த ஞானப்பல், நாக்கில் ஒரு புண், காலையில் அழுத்தித் தேய்த்ததால் ஈறில் ஒரு கீறல், எது இருந்தாலும் நம்பர் மாறும். எச்சில் எந்த நேரத்தில் எடுத்தது, எவ்வளவு ஊறியது என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால்தான் ஆராய்ச்சியில் எல்லோருக்கும் ஒரே முறையில் எடுப்பார்கள். பேசாமல், விழுங்காமல், தலையைக் குனிந்து குழாயில் தானாக வழியவிட வேண்டும். உடனே ஐஸில் வைத்து, சுழற்றித் தெளியவைத்து, மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பார்கள். உங்கள் எச்சிலையும் அப்படித்தான் எடுத்திருப்பார். அது நூறு பேரின் சராசரியை இன்னொரு நூறு பேரின் சராசரியோடு ஒப்பிட உதவும். தனி ஒருத்தியைப் பார்த்து "உனக்குக் குறைப்பிரசவம் ஆகும்" என்று சொல்ல உதவாது. கர்ப்பிணிக்கு இந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு எதுவும் இன்றைக்குக் கிடையாது.

எம்.எம்.பி-8 பார்க்கச் சோதனைப் பட்டை ஒன்றும் வந்துவிட்டது. பின்லாந்து ஆய்வாளர்கள் பல வருடம் உழைத்ததன் பலன் அது. வாய் கொப்பளித்த நீரை விட்டால், வீட்டில் கர்ப்பம் பார்க்கும் கார்டில் வருவதுபோலவே கோடு விழும். நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே பின்லாந்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்தபோது ஒரு வினோதம் தெரிந்தது. கர்ப்பத்தில் ஈறு ரத்தம் கசிவது கூடுகிறது, ஆனால் ஈறு நீரில் இந்த நியூட்ரோஃபில் என்சைம்கள் அதே வேகத்தில் ஏறவில்லை. கர்ப்பத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேறு தாளத்தில் ஓடுகிறது. மற்றவர்களுக்கு வகுத்த கணக்கைக் கர்ப்பிணிக்கு அப்படியே போடக்கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

கர்ப்பத்தில் ஈறு இவ்வளவு கோபப்படுவது புதிய செய்தி இல்லை. 1963லேயே லோ, சில்னெஸ் என்ற இரண்டு ஸ்காண்டிநேவிய மருத்துவர்கள் இதை அளந்து எழுதிவிட்டார்கள். இரண்டாம் மாதத்தில் ஏறத் தொடங்கி, எட்டாம் மாதத்தில் உச்சம் போய், பிறகு இறங்குகிறது. ஈறுக்கு 0 முதல் 3 வரை அவர்கள் போட்ட மதிப்பெண் முறையைத்தான் நம்மூர்க் கல்லூரிகளில் இன்றைக்கும் மாணவர்கள் எழுதுகிறார்கள். உங்கள் சார்ட்டிலும் இருக்கலாம். கர்ப்பகால ஹார்மோனான புரொஜெஸ்டிரான் ஏறும்போது ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து, சுவர் இளகி, கசிய ஆரம்பிக்கின்றன. பிரிவோடெல்லா இன்டர்மீடியா என்ற கிருமிக்கோ கொண்டாட்டம். அது வளர வைட்டமின் கே மாதிரியான பொருள் தேவை. அதற்குப் பதிலாகத் தாயின் ஹார்மோனையே எடுத்துக்கொள்ளும். முன்பு உங்கள் ஈறு பொறுத்துக்கொண்ட அதே அளவு அழுக்கை இப்போது பொறுக்காது, அவ்வளவுதான். அழுக்கு இல்லாத இடத்தில் ஹார்மோன் மட்டும் வந்து ஈறைப் பெரிதாக வீங்கவைப்பதில்லை.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். 1996ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்டீவன் ஆஃபன்பாக்கர் என்ற ஈறு நிபுணரின் குழு 124 பெண்களைப் பார்த்து, ஈறு நோய் முற்றியவர்களுக்குக் குறைமாத, எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று எழுதியது. இன்டர்நெட்டில் நீங்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் அந்தப் பொறியிலிருந்து கிளம்பியதுதான். யோசனையில் தப்பில்லை. ஈறுக் கிருமியும் அழற்சிப் பொருட்களும் ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடி வரை போகலாம். பிரசவ வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் அழற்சியிலும் சுரக்கிறது. ஆனால் தொடர்பு இருந்தால் சிகிச்சை கொடுத்ததும் குறைப்பிரசவம் குறைய வேண்டும் அல்லவா? அதைச் சோதித்தார்கள். 2006ல் வெளியான ஆய்வில் ஈறு நோய் உள்ள 823 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு 21வது வாரத்துக்கு முன்பே ஈறைச் சுத்தம் செய்தார்கள், மீதிப் பேருக்குப் பிரசவம் ஆன பிறகு. குறைப்பிரசவம் முதல் அணியில் 12 சதவீதம், இரண்டாவது அணியில் 12.8. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2009ல் சுமார் 1,800 பேரை வைத்து இன்னொரு ஆய்வு. நடத்தியது யார் தெரியுமா? அதே ஆஃபன்பாக்கர். அவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது, மறைக்காமல் அச்சிட்டார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சையால் தாய்க்கும் சேய்க்கும் கெடுதல் வரவில்லை, ஈறும் தேறியது. ஆகவே நீங்கள் இந்த வாரமே போய்ப் பல் சுத்தம் செய்துகொள்ளுங்கள். குழந்தையைக் காப்பாற்றப் போகிறோம் என்ற பதற்றம் வேண்டாம். உங்கள் ஈறுக்காகப் போங்கள். எம்.எம்.பி-8ஐக் குறைக்க மாத்திரை கேட்டீர்கள். ஒன்று இருக்கிறது, டாக்ஸிசைக்ளின். கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது, குழந்தையின் பல்லில் கறை விழும். பல்லில் கல்லாக இறுகிய அழுக்கான காறையை எடுத்துவிட்டால் என்சைம் தானாக இறங்கும்.

மாமியார் ஒருவர், தஞ்சாவூர்

என் மருமகளுக்கு அஞ்சு மாசம். எகிறு வீங்கி ரத்தம் வருதுன்னு பல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கிறா. வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு மரத்துப்போற ஊசி, எக்ஸ்ரே எல்லாம் எடுக்கலாமா? எங்க காலத்துல பிள்ளை பெத்தா நாலு பல்லு ஆடத்தான் செய்யும், யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகலை.

போகவில்லை, அதனால்தான் அம்மா ஆடிய பல் விழுந்தது. பிள்ளை வயிற்றிலிருந்து தாயின் பல்லை உறிஞ்சுவதில்லை. முளைத்த பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுக்க உடம்பில் வழியே கிடையாது. பல் ஆடியது ஈறு நோயால்.

மருமகளை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள், உங்களுக்கும் ஒரு தடவை பார்த்த மாதிரி இருக்கும். லிக்னோகெய்ன் மரப்பு ஊசி கர்ப்பிணிக்குப் போடலாம். வெறும் சுத்தம் செய்வதற்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. எக்ஸ்ரே அவசியம் என்றால் ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்னப் படம் போதும். அந்தக் கதிர் பாய்வது வாயில், அளவும் மிகச் சிறியது. அவசியம் இல்லையென்றால் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அஞ்சாம் மாசம் ரொம்ப வசதியான நேரம். மசக்கை வாந்தி அடங்கியிருக்கும், வயிறும் இன்னும் பெரிதாகியிருக்காது. ஆனால் வலியோ சீழோ இருந்தால் எந்த மாசமானாலும் காத்திருக்கக் கூடாது.

சேரில் மல்லாக்கப் படுக்கவைத்ததும் சிலருக்குப் படபடவென்று வரும், வியர்க்கும், கண் இருட்டும். கனத்த கருப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்துவதுதான் காரணம். வலது இடுப்புக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, உடம்பை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்தால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். டாக்டர் மறந்தால் மருமகளையே கேட்கச் சொல்லுங்கள். பசியோடு போகவேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

நான் உண்மையில் பயப்படுவது ஊசிக்கு இல்லை. தெருமுனை மருந்துக்கடையில் பல்வலி என்றதும் பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அந்தச் செட் மாத்திரைக்கு. அதில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ இருக்கும், என்ன இருக்கிறது என்று கேட்டாலும் சில சமயம் பதில் வராது. 20வது வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் பிரசவ டாக்டரிடம் சொல்லிவிட்டு. அயோடின் கலந்த மருந்தில் வாய் கொப்பளிப்பதும் வேண்டாம்.

வாசகி, சிவகாசி

ஏழாம் மாதம். மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஈறிலிருந்து சிவப்பாக ஒரு உருண்டை முளைத்திருக்கிறது. பட்டாணி அளவு. சாப்பிடும்போது பல் பட்டால் ரத்தம் கொட்டுகிறது. பக்கத்து வீட்டு அக்கா புற்றுநோயாக இருக்கும் என்கிறார். செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அந்த அக்காவுக்கு என் வணக்கம். இதன் பேர் கர்ப்பக் கட்டி. பேரில் கட்டி இருக்கிறதே தவிரப் புற்றுநோய் இல்லை. பல் இடுக்கில் ஒரு பொட்டுக் காறையோ உணவுத் துணுக்கோ உறுத்திக்கொண்டிருக்கும், அதன்மேல் ஹார்மோனும் சேர்ந்து ரத்தக்குழாய்கள் கொத்தாக வளர்ந்துவிடும். முன்பல் இடுக்கு அதற்குப் பிடித்த இடம். நீங்கள் எழுதிய வர்ணனையும் அப்படியே பொருந்துகிறது. இருந்தாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக்கூடாது, ஒரு பல் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

வலி இல்லை, சாப்பிட முடிகிறது என்றால் சுற்றியுள்ள பல்லை மட்டும் சுத்தம் செய்துவிட்டுக் காத்திருப்போம். பிரசவமான சில மாதங்களில் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். இப்போதே வெட்டினால் மறுபடி முளைக்கவும் செய்யும். சாப்பிடவே விடாமல் ரத்தம் கொட்டினால்தான் கர்ப்பத்திலேயே எடுப்பது. நூல் கட்டி அறுப்பது, சுண்ணாம்பு வைப்பது போன்ற வீட்டு வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். ரத்தம் வந்தால் சுத்தமான ஈரத்துணியை மடித்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல் தேய்க்காமல், எதுவும் படாமல், தானாகவே ஈறிலிருந்து ரத்தம் கசிகிறது, கூடவே காய்ச்சல், தோலில் சிவப்புப் புள்ளி, அல்லது மேல்வயிற்று வலி, தலைவலி என்றால் பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அது ரத்தத்தட்டணு குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். டெங்குவாகவும் இருக்கலாம், கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலாகவும் இருக்கலாம். நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரியானாலும்.

வாசகி, ஈரோடு

மூன்றாம் மாதம். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரு டம்ளரைக் கையிலேயே வைத்திருக்கிறேன். பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டல், வாந்தி. ஒரு வாரமாக வெறும் தண்ணீரில்தான் கொப்பளிக்கிறேன். எச்சில் அதிகம் என்றால் ஈறில் நோய் அதிகம் என்று அர்த்தமா?

இல்லை. இது மசக்கையோடு சேர்ந்தது. எச்சில் அதிகம் சுரக்கிறது என்பதைவிட, குமட்டலால் விழுங்க முடியாமல் வாயில் தேங்குகிறது என்பது பல பேருக்குப் பொருந்தும். பெரும்பாலும் வாந்தி குறையும்போது இதுவும் குறையும்.

பெரியவர்கள் பிரஷ் வேண்டாம், குழந்தைகள் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தலை சின்னது, நாக்கின் அடிப்பக்கம் இடிக்காது. பேஸ்ட் வாசனைதான் குமட்டுகிறது என்றால் பேஸ்ட் இல்லாமலே தேயுங்கள். நுரையில் ஒன்றுமில்லை, பிரஷ்ஷின் நார் ஈறு ஓரத்தைத் தொடுவதுதான் முக்கியம். குமட்டல் அடங்கியதும் ஃப்ளூரைடு பேஸ்ட்டுக்குத் திரும்பிவிடுங்கள். காலையில் எழுந்ததும் தேய்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பதினோரு மணிக்கு வயிறு அமைதியாக இருந்தால் பதினோரு மணிக்குத் தேயுங்கள். குனிந்தபடி தேய்த்தால் எச்சில் வெளியே வழியும், தொண்டைக்குப் போகாது.

வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள். வயிற்று அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும் நேரம் அது, தேய்த்தால் தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் தேயுங்கள். அந்தச் சோடா பாட்டிலைப் பாத்ரூமிலேயே வைத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் அடுக்களைக்கு ஓட வேண்டாம்.

கூடவே ஒரு கேள்வி, நீங்கள் எழுதாவிட்டாலும் கேட்கிறேன். அரிசி, பலப்பம், சாம்பல் என்று ஏதாவது தின்னத் தோன்றுகிறதா? தோன்றினால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லி ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவோடு அந்த ஆசை வருவது வழக்கம். அரிசியைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் முனை மழுங்கிய பெண்களை நிறையப் பார்க்கிறேன்.

கணவர் ஒருவர், திருப்பூர்

மனைவிக்கு குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்த்ததில் சர்க்கரை 156. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று டயட் சொல்லியிருக்கிறார்கள். ஈறும் வீங்கியிருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இரண்டு பக்கமும். சர்க்கரை ஏறினால் கிருமியை எதிர்க்கும் திறன் குறையும், ஈறு சீக்கிரம் கெடும். ஈறில் ஓயாமல் அழற்சி இருந்தால் அதே அழற்சிப் புரதங்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கும். கோவை வாசகியின் எச்சில் ரிப்போர்ட்டில் வந்த பெயர்களின் உறவினர்களை, டி.என்.எஃப். ஆல்ஃபா, சி.ஆர்.பி. போன்றவற்றை, சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்திலும் பார்க்கிறோம்.

உங்கள் மனைவிக்குச் செய்த டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. பஸ் ஏறி வரும் கிராமத்துக் கர்ப்பிணியைப் பட்டினி போடாமல் செய்யும்படி இந்த முறையை முன்வைத்தவர் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: பல் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். இன்சுலின் ஆரம்பித்திருந்தால் சாப்பாட்டு நேரம் தவறாதபடி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஈறைச் சுத்தம் செய்ததும் 156 இறங்கி 120 ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், டயட்டும் நடையும்தான் அதைச் செய்யும்.

வாசகி, நாகர்கோவில்

வேப்பங்குச்சி, உப்பு, நல்லெண்ணெய் கொப்பளிப்பு, இவற்றில் ஈறுக்கு எது நல்லது?

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொன்ன காலத்தில் நைலான் பிரஷ் இல்லை. குச்சியால் பல்லின் முகத்தைத் தேய்க்கலாம், இரண்டு பல்லுக்கு நடுவே போகாது. கர்ப்பத்தில் வீங்குவதோ அந்த நடு ஈறுதான். மிருதுவான பிரஷ்ஷை எடுத்து, நார்முனை பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்து, இருந்த இடத்திலேயே லேசாக அசைத்து, பிறகு மேல்பல்லானால் கீழ்நோக்கியும் கீழ்ப்பல்லானால் மேல்நோக்கியும் வழித்துவிடுங்கள். ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். கீழ் முன்பல்லின் உள்பக்கத்தை மறக்காதீர்கள், காறை முதலில் படிவது அங்கேதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம், சுகமாக இருக்கும். எண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் பிரஷ்ஷுக்குப் பதிலாக அது ஆகாது. உப்பையும் கரியையும் விரலில் எடுத்து ஈறில் தேய்ப்பதை நிறுத்துங்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகன் 34வது வாரத்தில் 1.9 கிலோவில் பிறந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். அந்தக் கர்ப்பத்தில் எனக்கு ஈறு மோசமாக இருந்தது, நான் கண்டுகொள்ளவே இல்லை. சமீபத்தில் ஒரு வீடியோவில், ஈறைக் கவனிக்காத தாயால்தான் குறைமாதக் குழந்தை பிறக்கிறது என்று சொன்னார்கள். என் அலட்சியத்தால்தான் அவன் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தானா? இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம்.

இல்லை என்று எழுதத்தான் கை வருகிறது, அதற்குக் காரணத்தையும் சொல்கிறேன். மேலே சொன்ன 2006, 2009 ஆய்வுகளில், கர்ப்பத்திலேயே ஈறைக் கவனித்துக்கொண்ட பெண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைப்பிரசவம் நடந்தது. நீங்கள் அன்றைக்கு ஓடிப்போய்ச் சுத்தம் செய்திருந்தாலும் மகன் 34வது வாரத்தில் பிறந்திருக்கக்கூடும். ரத்த அழுத்தம், சிறுநீர்த் தொற்று, கருப்பை வாய் பலவீனம், ரத்தசோகை என்று குறைப்பிரசவத்துக்குக் காரணங்கள் பல, கண்டுபிடிக்க முடியாமலே போவதும் நிறைய. இதில் ஒரு இழையை உருவி எடுத்து "தாயால்தான்" என்று பேசுகிறவருக்கு வீடியோ ஓடும், அவ்வளவுதான்.

ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பல ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் வறுமை, புகையிலை, சர்க்கரை மூன்றும் ஈறையும் கெடுக்கும், கர்ப்பத்தையும் கெடுக்கும். அவற்றைக் கழித்த பிறகு ஈறின் பங்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதில்தான் வாக்குவாதம். சிகிச்சை பலன் தராததற்கு, வருடக்கணக்காக இருந்த அழற்சியைக் கர்ப்பத்தின் நடுவில் வந்து தொட்டது தாமதம் என்று ஒரு கட்சி சொல்கிறது. எனக்கு அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

அதனால் உங்களுக்கு என் யோசனை: அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஈறை முடித்துவிடுங்கள். இப்போது எக்ஸ்ரே எடுக்கத் தயக்கமில்லை, மருந்து கொடுக்கத் தடையில்லை, நேரமும் இருக்கிறது. ஆழமான இடங்களை வேர் வரை சுத்தம் செய்து, இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி அளந்து பார்த்து, ரத்தம் வருவது நின்றதா என்று உறுதி செய்துகொள்ளலாம். கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த இடைவெளியில் அதுவரை காறை உட்கார்ந்திருந்தது. செலவு கவலை என்றால் அரசுப் பல் மருத்துவமனையில் செய்யலாம். சென்னையில் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவைக் கேளுங்கள்.

முந்தைய குறைப்பிரசவத்தைப் பிரசவ டாக்டரிடம் முதல் விசிட்டிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்ப்பார்கள். உங்கள் இரண்டாவது குழந்தைக்கு அது ஈறைவிட முக்கியம். ஈறு டாக்டர் நானே சொல்கிறேன்.

வாசகி, காரைக்குடி

பிரசவம் ஆகி இருபது நாள். பச்சை உடம்பு, பல் கூசும் என்று அம்மா பிரஷ் தொடவிடுவதில்லை. தினம் ராத்திரி பிரசவ லேகியம். ஈறு இன்னும் வீங்கியே இருக்கிறது.

ஹார்மோன் இறங்கிவிட்டது, ஈறும் கூடவே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அழுக்குதான் பிடித்துவைத்திருக்கிறது. லேகியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெல்லமும் நெய்யும் சேர்ந்த அந்த உருண்டை கடைவாய் ஈறில் ஒட்டிக்கொண்டால் விடியும் வரை அங்கேயே இருக்கும். சாப்பாட்டோடு சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு தேயுங்கள். குளிர்ந்த தண்ணீர்தான் அம்மாவுக்குப் பயம் என்றால் வெந்நீரில் தேய்க்கலாமே. மிருதுவான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், அதில் எந்தப் பத்தியமும் முறியாது. செரிக்கட்டும் என்று கொடுக்கும் வெற்றிலையில் பாக்கை மட்டும் எடுத்துவிடுங்கள், அது வாய்ப்புற்றுக்குக் காரணமான பொருள்.

மூன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் வாரத்தில் நீங்களும் பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள். அதற்குள் ரத்தம் நிற்காவிட்டால் ஆழம் அளந்து பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கும் மரப்பு ஊசி போடலாம், பாலை நிறுத்த வேண்டியதில்லை.